ஊருக்கு மக்கு, ஸ்டூடியோவுக்கு முதலாளி

நியூயார்க்கில் ஜான் முரே ஆண்டர்சன் நடத்திய நாடகப் பள்ளியிலிருந்து 1920களின் நடுவில் ஒரு தாயாருக்குக் கடிதம் போனது. உங்கள் பெண் ரொம்பக் கூச்சப்படுகிறாள், இதற்கு மேல் பணம் கட்டினால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்பது அதன் சாரம். அதே பள்ளியில் அப்போது ஆசிரியர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய மாணவி பெட்டி டேவிஸ். ஆகவே வாத்தியார்களுக்குக் கண்ணே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் பெயர் லூசில் பால். 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஒரு மூலையில், ஜேம்ஸ்டவுனில் பிறந்தவள். அப்பா தொலைபேசிக் கம்பம் ஏறிப் பிழைத்தவர். அவளுக்கு மூன்று வயதாகும்போது டைபாய்டில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்குள் ஒரு பறவை புகுந்து மாட்டிக்கொண்டது. அப்போது பிடித்த பறவைப் பயம் ஆயுசுக்கும் விடவில்லை. சுவரில் குருவி படம் மாட்டியிருந்தால் அந்த ஓட்டல் அறையில் தங்கமாட்டாள்.

அம்மா மறுமணம் செய்துகொண்டு பிழைப்பைத் தேடிப் போனபோது, சிறுமி வந்து சேர்ந்தது மாற்றாந்தகப்பனின் பெற்றோரிடம். ஸ்வீடன் வழி வந்தவர்கள், கடும் ஆசாரம். கண்ணாடி பார்ப்பது கர்வம், கர்வம் பாவம் என்று குளியலறையில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வீட்டிலிருந்த மற்ற கண்ணாடிகளையெல்லாம் அப்புறப்படுத்தியிருந்தார்கள். பின்னாளில் முகத்தை எட்டுக் கோணலாக்கிச் சம்பாதிக்கப்போகிறவளுக்கு ஒத்திகை பார்க்க இருந்தது அந்த ஒரே கண்ணாடி. அதன் முன்னாலும் கொஞ்சம் கூடுதலாக நின்றால் திட்டு.

அம்மாவைப் பெற்ற தாத்தா ஃப்ரெட் ஹன்ட் அதற்கு நேர் எதிர். பேரப்பிள்ளைகளை வாரம் தவறாமல் வாட்வில் ஆட்டபாட்டம் பார்க்கக் கூட்டிப்போவார். சோஷலிஸ்ட். தொழிலாளி வர்க்கம் என்ற பேச்சை எடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும். பேத்தியின் வாழ்க்கையில் இரண்டு தடவை குண்டு வைத்த பெருமை இவருக்கு உண்டு. முதலாவது நிஜத் துப்பாக்கி. 1927-ல் செலரான் என்ற ஊரில், வீட்டுக் கொல்லையில் இவர் மேற்பார்வையில் பிள்ளைகள் குறிபார்த்துச் சுடப் பழகியபோது ஒரு சிறுவன் மேல் குண்டு பாய்ந்து அவன் முடங்கிப்போனான். வழக்கு நடந்து வீடு கைவிட்டுப் போனது. இரண்டாவது குண்டு வெடிக்க இன்னும் இருபத்தாறு வருஷம் இருக்கிறது.

வீடு போனபின் பெண் மறுபடி நியூயார்க்குக்கு வந்தாள். ஹாட்டி கார்னகி என்ற தையல் ராணியின் கடையில் மாடல். பெயர் கொஞ்சம் மேல்தட்டாக இருக்கட்டும் என்று டயான் பெல்மான்ட் என்று வைத்துக்கொண்டாள். பெயர் ஒத்துக்கொண்டது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. கீல்வாதம் மாதிரி ஏதோ வந்து ஊருக்குத் திரும்பி நீண்ட நாள் படுக்கை. எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் மறுபடி நியூயார்க், இம்முறை செஸ்டர்ஃபீல்டு சிகரெட் விளம்பரப் பெண். அங்கிருந்து 1933-ல் ஹாலிவுட். ‘ரோமன் ஸ்கேண்டல்ஸ்’ படத்தில் கும்பலில் ஒரு அடிமைப் பெண். அந்த வேஷத்துக்காகச் சிரைத்த புருவம் அப்புறம் முளைக்கவேயில்லை. கலைக்காக உயிரைக் கொடுத்தேன் என்பவர்கள் நிறையப் பேர். புருவத்தைக் கொடுத்தவள் இவள்தான்.

அடுத்த பதினைந்து வருஷம் படங்களாக நடித்துத் தள்ளினாள். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் துண்டு வேஷங்கள், பிறகு இரண்டாந்தரப் படங்களில் கதாநாயகி. ‘பி பட மகாராணி’ என்று பட்டம் கொடுத்தார்கள். மகாராணி என்ற பாதியைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, பி என்ற பாதியைக் கேட்டு அழுவதா? எம்.ஜி.எம்.முக்கு மாறினாள். பழுப்பாகப் பிறந்து இடையில் பொன்னிறமாகியிருந்த தலைமுடியை அங்கே தீப்பிடித்த சிவப்பாக்கினார்கள். முடி பிரபலமானது. ஆள் ஆகவில்லை. அந்த ஸ்டூடியோவில் மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன் காலம் போய்ச் சும்மா உட்காரவைக்கப்பட்டிருந்தார். வேலையில்லாத மேதையும் வேஷமில்லாத நடிகையும் சேர்ந்து தட்டுமுட்டுச் சாமான்களை வைத்து விழுவது, தடுக்குவது, சொதப்புவது எப்படி என்று ஆராய்ந்தார்கள். நாடகப் பள்ளியில் கிடைக்காத படிப்பு, சம்பள நேரத்திலேயே கிடைத்தது.

இந்தக் கீட்டன் சம்பந்தப்பட்ட ஒரு கதையை அம்மணி பிற்காலத்தில் டிவியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். 1942-ல் பல் அடைத்துக்கொண்டு காரில் போகும்போது வாய்க்குள் சங்கீதம் கேட்டதாம். இன்னொரு ராத்திரி தந்திக் கட்டுக்கட கேட்டதாம். ஸ்டூடியோவில் கீட்டனிடம் சொன்னாள், போலீசுக்குப் போனது, ஜப்பானிய உளவாளியின் வானொலிக் கருவி அகப்பட்டது, என்று முடியும் கதை. அப்படி ஒரு உளவாளியை யாரும் பிடித்த தடயம் இல்லை. பல்லை அடைத்த டாக்டரின் கைவண்ணத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் இருந்திருக்க முடியாது.

இதற்கு நடுவில் கல்யாணமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை டெசி அர்னாஸ், கியூபாக்காரன், அவளைவிட ஆறு வயது சின்னவன். அப்பா சாந்தியாகோ நகர மேயர். 1933 புரட்சியில் மேயர் பதவி போய், மாளிகை போய், அமெரிக்காவில் மயாமிக்கு ஓடிவந்த குடும்பம். மேயர் மகன் அங்கே செய்த முதல் வேலைகளில் ஒன்று கேனரிக் குருவிக் கூண்டு கழுவுவது. குருவிப் படத்துக்கே அலறுகிறவளுக்குக் குருவிக் கூண்டு கழுவியவனைக் கட்டிவைத்த பிரம்மாவுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம். பிறகு அவன் கொங்கா மேளத்தைக் கழுத்தில் மாட்டி அடித்துப் பிரபலமானான். ‘டூ மெனி கேர்ள்ஸ்’ படப்பிடிப்பில் சந்தித்து, 1940 நவம்பர் 30 அன்று ஓடிப்போய்க் கல்யாணம். படத்தின் தலைப்புக்கு ‘ஏகப்பட்ட பெண்கள்’ என்று அர்த்தம். மாப்பிள்ளை அதைப் படத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளாமல் கொள்கை என்று எடுத்துக்கொண்டதுதான் வினை. 1944-ல் அவள் விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள், உத்தரவும் வாங்கினாள். வாங்கிய கையோடு அவனிடமே திரும்பிப் போனதில் உத்தரவு குப்பைக்குப் போனது.

அவன் பாட்டுக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினால் கண்காணிக்க முடியாது, ஒரே இடத்தில் வேலை வேண்டும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த வேளையில் சந்தர்ப்பம் வந்தது. சி.பி.எஸ். வானொலியில் 1948 முதல் அவள் நடித்த ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ நன்றாக ஓடியது. அதை டிவிக்குக் கொண்டுவரலாமா என்றார்கள். வரலாம், புருஷனாக என் புருஷன்தான் நடிக்கவேண்டும் என்றாள். மேலிடம் நெளிந்தது. அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபாக்காரன் புருஷன் என்றால் ஜனங்கள் நம்பமாட்டார்களாம். பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற தம்பதியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. நம்புகிறார்களா என்று பார்த்துவிடுவோம் என்று இருவரும் 1950-ல் மேடை நிகழ்ச்சி தயாரித்து ஊர் ஊராகப் போனார்கள். ஜனங்கள் நம்பியது மட்டுமல்லாமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதற்காகத் தொடங்கிய கம்பெனிக்கு டெசி, லூசில் இரண்டையும் ஒட்டி ‘டெசிலு’ என்று பெயர்.

சினிமாக்காரர்கள் டிவியைத் தீண்டாத காலம் அது. போகலாமா கூடாதா என்ற குழப்பத்தைத் தீர்த்துவைத்தது, 1942-ல் விமான விபத்தில் இறந்த தோழி கரோல் லம்பார்ட். கனவில் வந்து, சும்மா இறங்கிப் பார் என்றாளாம். சந்தை ஆய்வு, ஆலோசனைக் குழு எதுவும் இல்லை. ஆவி சொன்னது, அம்மணி கேட்டாள்.

இனி வருவது கணக்குப் பாடம். அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். அப்போது டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. மேற்குக் கரைக்கு, டிவி திரையையே கேமராவால் படமெடுத்து அனுப்பிய மங்கல் பிரதி. விளம்பரதாரரான ஃபிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனி, நியூயார்க்குக்கு வாருங்கள் என்றது. அவள் நாற்பது வயதை நெருங்கும் கர்ப்பிணி. ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தாள். அப்படியானால் இங்கேயே சினிமாச் சுருளில் எடுத்துத் தருகிறோம் என்றான் டெசி. செலவு கூடும் என்றார்கள். நாங்கள் வாரம் 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், அதற்குப் பதில் அந்தச் சுருள்கள் எங்களுக்கே சொந்தம் என்றான். சி.பி.எஸ். சந்தோஷமாகத் தலையாட்டியது. ஒருமுறை காட்டிய நிகழ்ச்சியை இன்னொரு முறை யார் பார்க்கப்போகிறார்கள்? ஊரே வாழை இலையை எடுத்துப் போடும்போது, அந்த இலையில் இன்னொரு பந்தி போடலாம் என்று யோசித்தது அந்த மேளக்காரன் ஒருவன்தான்.

ஒளிப்பதிவுக்கு ‘மெட்ரோபோலிஸ்’ படத்தை எடுத்த கார்ல் ஃப்ராய்ண்டைப் பிடித்தார்கள். மூன்று சினிமா கேமராக்கள், எதிரே நிஜமான பார்வையாளர் கூட்டம், நாடகம்போல் நிற்காமல் ஓடும் நடிப்பு. மூன்று கேமராவுக்கும் பொருந்தும்படி விளக்கமைத்தார் ஃப்ராய்ண்ட். அதன்பின் வந்த நகைச்சுவைத் தொடர்களில் பல, இன்றுவரை இந்த ஏற்பாட்டில்தான் வண்டி ஓட்டுகின்றன.

1951 அக்டோபர் 15 திங்கள்கிழமை ராத்திரி ‘ஐ லவ் லூசி’ ஆரம்பமானது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. புருஷன் ரிக்கி பாட்டுக்காரன். பெண்டாட்டி லூசிக்கு அவன் மேடையில் ஏறவேண்டும். அவன் விடமாட்டான். அவள் வேஷம் போட்டுத் திருட்டுத்தனமாக நுழைவாள், எல்லாவற்றையும் உடைப்பாள், கடைசியில் ஓவென்று அழுவாள். வாராவாரம் கோடிக்கணக்கான ஆண்கள், நல்லவேளை நம் வீட்டில் இப்படி இல்லை என்று சிரித்தார்கள். திரையில் புருஷன் வேலைக்குள் நுழைய முடியாத மக்குப் பெண்டாட்டி. திரைக்கு வெளியே, புருஷனுக்குத் தன் நிகழ்ச்சியில் வேலை வாங்கிக்கொடுத்தவளே அவள்தான். இது சிரித்தவர்கள் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

பார்க்கும்போது அந்தந்த நிமிஷத்தில் தோன்றியதைச் செய்வதுபோல இருக்கும். உண்மையில் ஒரு தும்மல்கூட ஒத்திகை பார்க்காமல் வராது. 1952-ல் வந்த சாக்லேட் ஆலைக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். லூசியும் தோழி எத்தலும் நகரும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளுக்குக் காகிதம் சுற்றவேண்டும். பட்டை வேகமெடுக்கிறது. சுற்ற முடியாததை வாயில் போட்டு, தொப்பிக்குள் திணித்து, சட்டைக்குள் தள்ளி மறைக்கிறார்கள். மேற்பார்வைக்காரி வந்து பார்த்து, பிரமாதம் என்று வேகத்தை இன்னும் கூட்டச் சொல்கிறாள். வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியிருக்கும் எவரும் அந்தக் காட்சியை வெறும் நகைச்சுவை என்று சொல்லமாட்டார்கள். அதே ஆண்டு ‘வைட்டாமீட்டாவெஜமின்’ என்ற சாராய டானிக்கை விளம்பரத்துக்காகக் கரண்டி கரண்டியாகக் குடித்து நாக்குழறினாள். 1956-ல் இத்தாலியத் திராட்சைத் தொட்டியில் இறங்கி மிதித்தபோது, கூட நடித்தவள் நிஜமாகவே திராட்சை மிதிக்கிற பெண் என்பது அம்மணி சொன்ன கதை. நடிப்புச் சண்டை என்பது அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது. திராட்சைச் சாற்றில் முங்கிச் சாகத் தெரிந்தேன் என்று அம்மணி பிறகு சொல்லிச் சிரித்தாள்.

பக்கத்து வீட்டுத் தம்பதியாக நடித்த விவியன் வான்ஸுக்கும் வில்லியம் ஃப்ராலிக்கும் ஆகவே ஆகாது. அவர் 1887-ல் பிறந்தவர், அவள் 1909-ல். தன் அப்பா வயசுக்காரருக்குப் பெண்டாட்டியாக நடிப்பதா என்று அவளுக்கு ஆற்றாமை. அவர் அதைக் கேட்டதிலிருந்து அவளை மன்னிக்கவில்லை. திரையில் அவர்கள் முறைத்துக்கொள்ளும் இடமெல்லாம் தத்ரூபமாக இருப்பதற்கு நடிப்புத் திறமையை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடாது.

1952-ல் அம்மணி மறுபடி உண்டானாள். சிகரெட் கம்பெனிக்கு வேர்த்துக்கொட்டியது. நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி மறைக்கலாமா என்றெல்லாம் யோசனை. கதையிலேயே லூசியும் கர்ப்பமாகட்டும் என்றான் டெசி. சரி, ஆனால் ‘கர்ப்பம்’ என்ற சொல் வரக்கூடாது என்றது சி.பி.எஸ். வசனங்களில் விரசம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ராபி ஆகிய மூவரை நியமித்தார்கள். பல நூற்றாண்டாக ஒத்துப்போகாத மதங்கள், லூசியின் வயிற்றில் ஆட்சேபகரமாக ஒன்றுமில்லை என்பதில் ஒத்துப்போயின.

1953 ஜனவரி 19. அன்று காலை சிசேரியனில் அவளுக்கு நிஜமாகவே மகன் பிறந்தான். அன்று ராத்திரி டிவியில் லூசிக்கும் மகன். 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவை மீட்ட தளபதியை, பிறந்து ஒருநாள் ஆன குழந்தை தோற்கடித்தது. பிரசவத்துக்கு விட்ட இடைவெளியில் பழைய பகுதிகளையே திருப்பிப் போட்டார்கள். ஜனங்கள் அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். டெசியின் கண்ணில் டாலர் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான்.

இனித் தாத்தாவின் இரண்டாவது குண்டு. 1936-ல், தேர்தலில் வாக்களிக்கப் பெயர் பதிவு செய்யும்போது லூசில் கம்யூனிஸ்ட் கட்சி என்று எழுதியிருந்தாள். தாத்தா ஆசைப்பட்டார், வயசானவர் மனசைக் கஷ்டப்படுத்துவானேன் என்று எழுதியதாகச் சொன்னாள். தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, கட்டிலுக்கடியில் கம்யூனிஸ்ட் தேடும் காலம் வந்தது. 1953 செப்டம்பரில் விசாரணைக் குழுவின் அதிகாரியிடம் ரகசியமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். ஒருநாள் விட்டு மறுநாள், வானொலி வம்பர் வால்டர் வின்செல் பெயர் சொல்லாமல், ஒரு பிரபல டிவி நடிகை என்று போட்டு உடைத்தார். எத்தனையோ எழுத்தாளர்களும் நடிகர்களும் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு வேலையிழந்து தெருவில் நின்ற நேரம்.

அந்த வாரப் படப்பிடிப்பில் பார்வையாளர்களைச் சிரிக்கவைத்துச் சூடேற்றும் வழக்கமான வேலையை டெசி எடுத்துக்கொண்டான். இவளிடம் சிவப்பு என்று இருப்பது தலைமுடி ஒன்றுதான், அதுவும் சாயம் என்றான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. விசாரணைக் குழு, குற்றமில்லை என்றது. சிகரெட் கம்பெனியும் வாயை மூடிக்கொண்டது. நாட்டையே ஆட்டிவைத்த பயங்கரம், ஒரு தலைச்சாய ஜோக்கில் இவளை விட்டு விலகியது. அவளுக்குக் கொள்கை இருந்ததா இல்லையா என்பதைவிட, திங்கள்கிழமை ராத்திரி அவள் இல்லாமல் அமெரிக்காவால் இருக்க முடியாது என்பதுதான் தீர்ப்பை எழுதியது என்பது என் எண்ணம். அந்தப் பலம் இல்லாத எத்தனையோ பேருக்கும் தாத்தாக்கள் இருந்திருப்பார்கள்.

‘ஐ லவ் லூசி’ 1957-ல் முதலிடத்தில் இருக்கும்போதே நின்றது. ஒன்றுக்கும் உதவாது என்று கொடுத்த அந்தச் சுருள்களை சி.பி.எஸ். 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அந்தக் காலத்தில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ ஒரு டயர் கம்பெனியின் கையில் விலைக்கு நின்றுகொண்டிருந்தது. துண்டு வேஷம் கொடுத்து, இரண்டாந்தரம் என்று மூலையில் உட்காரவைத்த அதே ஆர்.கே.ஓ.வை டெசிலு 60 லட்சம் டாலர் சொச்சத்துக்கு வாங்கியது. இதுவரை அவள், இவள் என்று எழுதிவந்தேன். முதலாளியம்மா ஆகிவிட்டபின் மரியாதை குறைவாகப் பேசினால் நன்றாக இருக்காது. இனி அவர்.

பணம் வந்ததும் டெசியின் குடியும் மற்றதும் கூடின. 1960 மார்ச்சில், இருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படப்பிடிப்பு முடிந்த மறுநாள் அவர் விவாகரத்துக்கு மனுப் போட்டார். இம்முறை திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டு கேரி மார்ட்டன் என்ற மேடை நகைச்சுவைக்காரரை மணந்தார். 1962-ல் டெசியின் பங்குகளையும் விலைக்கு வாங்கி, ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோவின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்ணானார். பகலில் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, கேமரா முன்னால் ‘த லூசி ஷோ’வில் ஏணியிலிருந்து விழுவது.

நாற்காலியிலிருந்து அவர் செய்த காரியங்களில் ஒன்று ‘ஸ்டார் ட்ரெக்’. முதல் மாதிரிப் படத்தை என்.பி.சி. டிவி நிராகரித்து, இரண்டாவது எடு என்றது. செலவு தாங்காது, கைகழுவிவிடலாம் என்று கம்பெனிக் குழு சொன்னது. எடுங்கள் என்றார் அம்மணி. இதில் வேடிக்கை, தலைப்பைப் பார்த்து, சினிமா நட்சத்திரங்கள் போர்வீரர்களை மகிழ்விக்கத் தீவு தீவாகப் போகிற கதை என்று அவர் கொஞ்ச நாள் நினைத்திருந்தாராம். கூட வேலை பார்த்த தயாரிப்பாளர் பிறகு சொன்னது. விண்வெளி என்று தெரிந்த பிறகும் அவர் பணத்தை நிறுத்தவில்லை. 1966 செப்டம்பரில் அதுவும் வந்தது, அதே மாதம் டெசிலுவின் ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரும் வந்தது. டாம் குரூஸ் விமானத்தின் வெளிப்புறத்தில் தொங்குவதற்குப் பூர்வாங்க அனுமதி கொடுத்தது ஒரு வகையில் சாக்லேட்டைச் சட்டைக்குள் ஒளித்த பெண்மணிதான். மறு ஆண்டு ஸ்டூடியோவை கல்ஃப் அண்டு வெஸ்டர்ன் கம்பெனிக்கு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார். இரண்டு தொடரும் எவ்வளவு சம்பாதிக்கும் என்று அப்போது அவருக்கும் தெரியவில்லை. சி.பி.எஸ். ஒருமுறை செய்ததை அவரும் ஒருமுறை செய்தார், அவ்வளவுதான்.

அதன்பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், அவருக்கும் அதில் பெருமை இல்லை. ‘ஹியர்ஸ் லூசி’ 1974 வரை ஓடியது. அந்த வருஷம் வந்த ‘மேம்’ படத்தில் முகச் சுருக்கம் தெரியாமலிருக்க அவர் காட்சிகளை மட்டும் மங்கலாக எடுத்து, விமர்சகர்களுக்கு ஒரு வாரத் தீனி போட்டார்கள். 1986-ல், 75 வயதில், ‘லைஃப் வித் லூசி’ என்று மறுபடி ஏணியில் ஏறினார். எட்டு வாரத்தில் ஏணியை எடுத்துவிட்டார்கள். அந்த டிசம்பரில் டெசி இறந்தான். கடைசிவரை ஒருவரோடொருவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 1989 ஏப்ரல் 26 அன்று, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவரும் போனார்.

2009-ல் செலரான் ஊர்ப் பூங்காவில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஒரு கையில் வைட்டாமீட்டாவெஜமின் புட்டி, ஒரு கையில் கரண்டி. முகத்தைப் பார்த்த குழந்தைகள் டானிக் குடிப்பதையே நிறுத்தியிருக்கும். ‘பயங்கர லூசி’ என்று பெயர் கிடைத்தது. 2015-ல் உலகம் முழுக்கச் செய்தியாகி, ஊருக்கு வெட்கமாகிப்போய், அடுத்த ஆண்டு அவர் பிறந்தநாளில் வேறொரு சிலை திறந்தார்கள். புதியது லட்சணம். பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பினார்களா என்றால், இல்லை. அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருவதால் அதே பூங்காவில் கொஞ்சம் தள்ளி நிறுத்திவைத்திருக்கிறார்கள். அம்மணி இருந்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக டிக்கெட் போட்டிருப்பார்.